படகு எண்ணெய்

நகரப் பூங்காக்களின் பணிமனையில் புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவளை எல்லோரும் பாம்புக்காது என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலில் எஞ்சின் ஓடினால் உள்ளே இருந்தபடியே கோளாறைச் சொல்லிவிடுவாள். அங்கே ஸ்டோர் கீப்பராக இருந்தவர் அவளுடைய அக்காள் கணவர். அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே தான்தான் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். அது பச்சைப் பொய். அவள் பரீட்சை எழுதி வந்தவள்.

கோடை தொடங்கியபோது அவர் ஒரு புது எண்ணெய் டின்னைக் கொண்டுவந்து மேசையில் டமாலென்று வைத்தார். அவள் திருப்பிப் பார்த்தாள்.

"அத்தான், இது படகு மோட்டாருக்கு ஊத்துறது."

"டூ ஸ்ட்ரோக் எண்ணெய்தானே? எல்லாம் ஒண்ணுதான்."

"இல்ல. படகு எஞ்சினைத் தண்ணி குளிர வைக்கும். நம்ம மெஷினுக்குக் காத்து மட்டும்தான். அந்தச் சூட்டை இது தாங்காது. காத்துல குளிர்ற எஞ்சினுக்குன்னே தனியா வருது, டின்லயே போட்டிருக்கும். அதை வாங்குங்க."

"ஸ்பேனர் பிடிக்கிற கைக்கு இவ்வளவு வாய் எதுக்கு? சொன்னதைச் செய்."

அவள் அதைப் பெட்ரோலில் கலக்க மாட்டேன் என்றாள். அவரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு பெட்ரோல் கேனில் ஊற்றிக் குலுக்கினார். மிச்சமிருந்த பழைய எண்ணெயை அவள் ஒரே ஒரு இயந்திரத்துக்கென்று ஒதுக்கி வைத்தாள்.

நான்காம் நாள், உச்சி வெயிலில், பூங்காச் சரிவில் ஓடிக்கொண்டிருந்த ஓர் இயந்திரம் கிறீச்சென்று நின்றது. கயிற்றை இழுத்தால் இம்மியும் அசையவில்லை. அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு நின்றன. மூன்றையும் ஸ்டோர் அறையில் வைத்துப் பூட்டிய கையோடு அவர் மேலதிகாரிக்குப் புகார் எழுதினார்: வேண்டுமென்றே கார்புரேட்டரைத் திருகி, பெட்ரோலும் அதில் கலந்த எண்ணெயும் குறைவாகப் போய் எஞ்சின் சூடேறி இறுகும்படி வைத்துவிட்டாள் என்று.

அன்று மாலை அவள் வீட்டு வாசலுக்கு அக்காள் வந்தாள். உள்ளே வரவில்லை.

"என் தப்புன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் தலை போயிடுமா? அவருக்கு வேலை போனா நான் நடுத்தெருவுல நிக்கணும்."

"எனக்குப் போனா?"

"நீ தனிக்கட்டை. உனக்கென்ன?"

பாம்புக்காது கதவைச் சாத்தினாள்.

மறுநாள் அதிகாரி வந்தார். ஸ்டோர் அறையைத் திறக்கச் சொல்லி, நின்றுபோன ஒன்றையும், பழைய எண்ணெயில் ஓடிய ஒன்றையும் அவள் மேசையில் வைத்தாள்.

"சார், ரெண்டுலயும் கார்புரேட்டர் திருகை நீங்களே முழுசா மூடி, எத்தனை சுத்துன்னு எண்ணுங்க."

இரண்டும் ஒன்றேகால் சுற்று; இரண்டுக்கும் ஒரே அளவு பெட்ரோல்தான் போயிருந்தது. பிறகு சிலிண்டர்களைக் கழற்றினாள். பழைய எண்ணெயில் ஓடியதன் பிஸ்டன் வழவழவென்று இருந்தது. மற்றது பூனை பிறாண்டியதுபோல் மேலிருந்து கீழ்வரை கீறிக் கிடந்தது.

"வித்தைக்காரி சார் இவ! யாருக்கும் தெரியாம திருகைச் சரி பண்ணியிருப்பா!" என்று கத்தினார் ஸ்டோர் கீப்பர்.

"இது உங்க ரூம்லதானே பூட்டியிருந்தது? சாவி யார்கிட்ட?" என்றார் அதிகாரி.

ஸ்டோர் கீப்பர் சாவிக்கொத்தை மேசையில் எறிந்தார். அவளைப் பார்த்து, "குடும்பத்தைக் கெடுத்தவ" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியேறினார்.

அவரைக் குழாய்க் கிடங்குக்கு மாற்றினார்கள். அவள் கையெழுத்துப் போட்டால்தான் இனி எண்ணெய் வாங்க முடியும் என்று உத்தரவு வந்தது. அன்று அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை அவள் யாரிடமும் மறைக்கவுமில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பேருந்தில் அக்காள் எதிர் இருக்கையில் இருந்தாள். இறங்கும்வரை ஜன்னலைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை. பாம்புக்காதும் கூப்பிடவில்லை.