ஆஞ்சநேயருக்கு உடம்பு சூடு

"ஒண்ணே ஒண்ணு தங்கச்சி. இவரு பிரம்மச்சாரி. இவரத் தனியாத்தான் வைக்கணும். பொட்டக் கொரங்கு எதுவும் பக்கத்துல வந்துரக் கூடாது. சாமி குத்தமாயிரும் லா."

சுங்காய் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக் கோயிலின் பின்னால் நின்றுகொண்டு கோயில் தலைவர் என்னிடம் இப்படிச் சொன்னார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். 'இவர்' என்று அவர் கை காட்டியது, கம்பிக் கூண்டுக்குள் இடுப்பில் சிவப்புப் பட்டுத் துண்டும் நெற்றியில் செந்தூரமுமாக உட்கார்ந்திருந்த ஒரு பெரோக். தேங்காய் பறிக்கப் பழக்குவார்களே, அந்தக் குட்டைவால் குரங்கு. குட்டியாக இருந்தபோது யாரோ கோயிலில் விட்டுப் போனார்களாம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடியும் என்பார்கள். இங்கே குரங்கைப் பிடித்து ஆஞ்சநேயராக்கியிருந்தார்கள்.

லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது என்று வனவிலங்கு இலாகாக்காரர்கள் நல்லபடியாகப் பேசி, எங்கள் காப்பகத்துக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். நான் அங்கே குரங்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். அதற்கு முன்னால் ஈப்போவில் ஒரு துணிக்கடையில் இருந்து, முதலாளியிடம் வாய் கொடுத்துவிட்டு வெளியே வந்தவள். குரங்குகளுக்கு என் வாய் பிரச்சினையில்லை.

ஆஞ்சநேயரைப் பட்டினி போட்டார்கள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வடை, பழம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் கிடைத்திருக்கிறது. கிடைக்காதது இன்னொரு குரங்குதான். எங்களிடம் வந்த பிறகு, மரமும் கயிறும் உள்ள பெரிய இடத்திலும் பழைய கூண்டின் அளவுக்கே சுற்றிச் சுற்றி வந்தது. பயம் வந்தால் தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் முடியே இல்லை. அதைப் பார்த்த அன்று எனக்குக் கோபத்தில் சோறு இறங்கவில்லை.

எங்கள் டாக்டர் மலாய்க்காரப் பெண். மயக்க ஊசி போட்டுவிட்டு, பட்டுத் துண்டை அவிழ்த்துப் பார்த்தார். "பெத்தினா லா, காக்," என்று சிரித்தார். பொட்டைதான் அக்கா என்று அர்த்தம்.

தலைவருக்குப் போன் போடும் வேலை என் தலையில் விழுந்தது.

"அண்ணே, சாமி பொம்பள அண்ணே."

தலைவர், "அப்ப அந்த உடம்பு சூடு?" என்றார்.

"என்ன உடம்பு சூடு?"

"மாசா மாசம் பின்னாடி செவந்து வீங்கிரும்மா. உடம்பு சூடுன்னு நாங்க எளநி குடுப்போம்."

"அது உடம்பு சூடு இல்லண்ணே. பொட்டக் கொரங்குக்குப் பருவம் வந்தா அப்படித்தான்," என்றேன். சிரிப்பை அடக்க முடியாமல் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். திரும்பக் காதில் வைத்தபோது அவர் வேறு கணக்குப் போட்டிருந்தார்.

"ஒரு பொம்பளப் புள்ளயவாம்மா இத்தன வருசம் தனியா பூட்டி வச்சிருந்தோம்?"

"ஆம்பளையா இருந்தாலும் பாவந்தாண்ணே."

"சரி, தொணைக்கு ஒரு ஆளப் பாரு," என்றார். பிரம்மச்சரியம் அத்தோடு முடிந்தது.

துணைக்கு ஆள் எங்களிடமே இருந்தாள். லூமுட் பக்கம் தென்னை ஏறி ஓய்ந்த ஒரு பெரோக் கிழவி. மாமியார் மாதிரி முறைப்பாள், கை வைக்க மாட்டாள். இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துக் கூண்டில், நடுவே கதவு வைத்த கம்பி வலை போட்டு விட்டோம். கிழவி வலையருகே வந்து உதட்டைக் குவித்து நீட்டுவாள். குரங்குகளுக்கு அதுதான் வணக்கம். எங்கள் சாமிக்கு அந்த வணக்கம் தெரியவில்லை. மூலைக்கு ஓடி மணிக்கட்டைக் கடித்தாள். வலையருகே இரண்டும் அமைதியாக உட்காராமல் கதவைத் திறக்க முடியாது, ஒன்றையொன்று கடித்துக் குதறிவிடும், பழகாவிட்டால் இவள் ஆயுசுக்கும் தனிதான் என்றார் டாக்டர்.

சனிக்கிழமையானால் தலைவர் மோட்டார் சைக்கிளில் வடைமாலையோடு வந்துவிடுவார். அவரைக் கண்டதும் சாமி வெளி வலையில் முதுகைச் சாய்த்து உட்காருவாள். அவர் ஓர் ஈர்க்குச்சியால் சொறிந்துகொடுப்பார். கோயிலில் தினமும் நடந்த பூசை அது. வடைக்கு மட்டும் நான் விடவில்லை.

"எண்ணெயும் உப்பும் ஆகாதுண்ணே. எத்தன தடவ சொல்றது?"

"மால இல்லாம எப்படிம்மா வாரது?"

குரங்கு கையில் பூமாலை கொடுத்தால் பிய்த்துவிடும் என்று பழமொழி. எங்களுக்கு வேண்டியதே அதுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தட்டில் போட்ட சாப்பாடு ஒரு நொடியில் தீர்ந்துவிடும், மிச்ச நாளெல்லாம் சுற்றுவதுதான் வேலை. பிய்க்கப் பிய்க்க வரும் சாப்பாடு என்றால் கைக்கும் மூளைக்கும் வேலை. "வடைக்குப் பதிலா தோலோட கச்சாங் கடல, பயத்தங்காய், ஜம்புப் பழம் கோத்துட்டு வாங்க. நூல் வேணாம், வாழ நாரு," என்றேன். அடுத்த வாரம் கோயில் சிலைக்குப் போடுகிற கணக்கில் நீளமாகக் கட்டிக்கொண்டு வந்தார். அதை நடு வலை மேல், இரண்டு பக்கமும் தொங்கும்படி போட்டோம்.

சாமி முதலில் கிழவி இல்லாத நேரம் பார்த்து வந்து பிய்த்தாள். பல மாலைகளுக்குப் பிறகு, கிழவி இருக்கும்போதே வந்தாள். ஒருநாள் கச்சாங்கை உரித்துக்கொண்டே உதட்டைக் குவித்து நீட்டினாள். நான் கையிலிருந்த வாளியைப் போட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினேன்.

கதவு திறந்த சனிக்கிழமை தலைவரும் இருந்தார். கிழவி உள்ளே வந்ததும் சாமி வீறிட்டாள். மணிக்கட்டு வாய்க்குப் போனது. பிறகு தலைவரைப் பார்த்தாள். நேரே ஓடிவந்து, அவர் நின்ற பக்கத்து வலையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள்.

அவர் கையில் ஈர்க்குச்சி இருந்தது. அவரே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி தள்ளி நின்றார்.

"என்கிட்ட வராத தாயி," என்றார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கவில்லை.

சாமி முதுகைக் காட்டியபடியே காத்திருந்தாள். கிழவி மெதுவாக நடந்து வந்தாள், சற்று உட்கார்ந்து பார்த்தாள். பிறகு அந்த முதுகின் முடியை இரண்டு கையாலும் விலக்கிப் பேன் பார்க்க ஆரம்பித்தாள். சாமியின் மணிக்கட்டு வாயிலிருந்து இறங்கியது. அவள் கண் சொக்கிப்போனது.

தலைவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஈர்க்குச்சியை ஒடித்துப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கச்சாங்கும் வாழ நாரும் இருந்தா எடு தங்கச்சி. கை சும்மா இருக்கு."