அத்தை கொடுத்த ஈரல் துண்டு

என் அப்பாவுடன் பிறந்த தங்கைகள் இருவர். மூத்தவரை அத்தை என்பேன், இளையவரைச் சின்னத்தை என்பேன். அத்தைக்கு ராஜபாளையத்தில் நூற்பாலை வேலை. மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் ஈரல் புற்றுநோயைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில், அத்தைக்கே ஈரலில் கட்டி வந்தது. வயிற்றுவலிக்கு எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்தது. சிறிய கட்டிதான், வெட்டி எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

கட்டியைவிட அத்தையை வாட்டியது தெருப்பேச்சு. ஈரல் கெட்டால் குடிதான் காரணம் என்பது ஊரின் நினைப்பு.

"ஜலதோசத்துக்குக்கூட நான் டானிக் குடிச்சதில்ல. எனக்கு எதுக்குட்டி இது வந்துச்சு?" என்று என்னிடம் புலம்பினார்.

ரத்தப் பரிசோதனையில் பதில் கிடைத்தது. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் பல வருடங்களாகச் சத்தமில்லாமல் ஈரலில் இருந்திருக்கிறது. பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். அதைக் கேட்டதும் அத்தையின் முகம் தெளிந்தது. பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் தானாகவே அதைச் சொன்னார்.

அறுவைசிகிச்சைக்கு முந்தின நாள், மதுரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டே கேட்டார்: "நீ லேப்புல அப்படி என்னதான் பாக்குத?"

நான் பார்ப்பது புரதம் செய்யாத ஆர்.என்.ஏ.க்களை. மரபணுவில் இருக்கும் குறிப்பை நகலெடுத்துப் போய்ப் புரதம் செய்ய வைப்பது ஆர்.என்.ஏ. என்றுதான் பள்ளியில் படித்திருந்தேன். ஆனால் புரதமே செய்யாத ஆர்.என்.ஏ.க்கள் ஏராளம். அவற்றில் பலவற்றை ஒரு காலத்தில் குப்பை என்று ஒதுக்கினார்கள். இதை அத்தைக்கு எப்படிச் சொல்வது?

"உங்க மில்லுல நூல் எடுக்காதவங்களும் இருக்காங்கல்ல?"

"மேஸ்திரி, பிட்டர், எலக்ட்ரீசியன்னு எம்புட்டோ பேரு இருக்காங்க."

"அவங்க இல்லைன்னா?"

"மிசினு அதுபாட்டுக்கு ஓடும். நூல் சிக்கிக் கெடக்கும்."

"ஈரல்லயும் அப்படித்தான். செல்லு அளவா வளரணும்னு அடக்கி வைக்கிற ஆர்.என்.ஏ. சிலது உண்டு. கட்டியில அது குறைஞ்சுபோகுது. வளரச் சொல்லித் தூண்டுறது கூடிப்போகுது. எது, ஏன்னுதான் பாக்கோம்."

அத்தை சுளையை வாயில் போட்டுக்கொண்டார். "அப்ப என் ஈரல்ல மேஸ்திரி லீவு போட்டுட்டான்."

வெட்டி எடுப்பதில் ஒரு துண்டை ஆய்வுக்குத் தரச் சம்மதமா என்று டாக்டரின் குழுவினர் கேட்டார்கள். நான் கேட்டால் மறுக்க மாட்டார் என்பதால் வேண்டுமென்றே வெளியே போய் நின்றுகொண்டேன். திரும்பி வந்தபோது அத்தை கையெழுத்துப் போட்டிருந்தார்.

அறுவைசிகிச்சை முடிந்து உடம்பு தேறியதும் அத்தை செய்த முதல் காரியம், உடன்பிறந்தவர்களைப் பரிசோதனைக்குக் கிளப்பியது. அப்பா முனகாமல் போனார். அவருக்கு ஒன்றுமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் சின்னத்தைதான் மசியவில்லை.

"நான் நல்லாத்தான இருக்கேன்?"

"நானும் நல்லாத்தான இருந்தேன். கெளம்பு."

அந்த ஊர் கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ரத்தம் பரிசோதிக்கும் லேப்புக்குக் கையைப் பிடித்தே கூட்டிப்போனார் அத்தை. சின்னத்தையின் ரத்தத்தில் வைரஸ் இருந்தது. ஈரலில் கட்டி எதுவும் இல்லை. வைரஸை அடக்கத் தினம் ஒரு மாத்திரை, அவ்வப்போது ஸ்கேன் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். சின்னத்தையின் பிள்ளைகளுக்குத் தொற்றவில்லை. தடுப்பூசி போட்டாயிற்று.

போன மாதம் சின்னத்தை வீட்டில் எல்லோரும் சாப்பிட்டோம். அத்தை மறுபடி மில்லுக்குப் போகிறார். கடைசி ஸ்கேனும் சுத்தமாக வந்திருந்தது. சாம்பார் ஊற்றிக்கொண்டே கேட்டார்: "என் துண்டுல என்ன கண்டுபிடிச்சிய?"

"எது உங்களோடதுன்னே எனக்குத் தெரியாது அத்தே. பேர் இருக்காது, நம்பர்தான்."

"கெட்டுப்போகாம வச்சிருக்கியல்லா?"

"எல்லாத் துண்டும் பிரீசர்ல, மைனஸ் எண்பது டிகிரில இருக்கு."

"வெயில்லயே வளந்தவளுக்கு அம்புட்டுக் குளிரா" என்று சிரித்தார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பித் தங்கையிடம் குரல் கொடுத்தார்: "ஏட்டி, இன்னைக்கு மாத்திரை போட்டியா?"

"போட்டுட்டேன்க்கா. நீ மொதல்ல சாப்புடு" என்றார் சின்னத்தை.