பெரட்டுக் கேசட்டில் ஒரு ‘வந்தாச்சு’

அந்தக் கேசட்டின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தில் அப்பா நீல மையால் ‘பெரட்டு’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். தேதி கிடையாது, வேறு குறிப்பும் கிடையாது. அப்பா மலேசியாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். ஒருமுறை ஈப்போ டவுனுக்குப் போனவர் ரேடியோ கேசட் ஒன்றை வாங்கிவந்தார். அன்றிலிருந்து காதில் விழுந்ததையெல்லாம் பதிவு செய்தார். கோயில் திருவிழா, தகரக்கூரையில் மழை, நான் வாய்ப்பாடு ஒப்பித்து ஏழாம் வாய்ப்பாட்டில் அழுதது, எல்லாம் இருக்கிறது. பெரட்டைப் பதிவு செய்ததற்கும் பெரிய காரணம் எதுவும் இல்லை. புது மெஷின் எவ்வளவு தூரத்துச் சத்தத்தைப் பிடிக்கும் என்று பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

பெரட்டு என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரப்பர் தோட்டத்தில் விடிவதற்கு முன்னால், மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். பால் வெட்டுகிறவர்கள் வாளியும் உளியுமாக வந்து ஆபீஸ் முன்னால் நிற்பார்கள். ஆபீஸ் கணக்கரான கிராணி, செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தைப் பிரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். குரல் கொடுத்தவருக்கு அன்று வேலை உண்டு. கொடுக்காதவர் பெயருக்கு நேரே ஒரு கோடு. இந்தக் குறிப்பில் நான் சொல்லப்போவது ஒரே ஒரு பெயரைத்தான். அது அந்தப் புத்தகத்தில் இருந்த பெயர், பாக்கியம்.

நான் ஈப்போவில் சின்னக் கடை வைத்து, கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் வேலை செய்கிறேன். மாலைப் பொழுதுகளில் அதே கம்ப்யூட்டரில் பாட்டுகளுக்குப் பீட் கட்டுவேன். என் சின்னம்மா மகன், எனக்குத் தம்பி முறை, பகலில் சிம்பாங் பூலாயில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுவான். ராப் பாடுவான், நன்றாகவே பாடுவான். கிளப்பில் போடுகிற மாதிரி ஒரு பாட்டு வேண்டும் என்று ஆறு மாதமாக என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தான். பழைய ஒலியிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன்மேல் பாட்டைக் கட்டுவதுதான் எங்கள் வழக்கம். அந்தத் துண்டுக்குச் சாம்பிள் என்று பெயர். எல்லோரும் பழைய சினிமாப் பாட்டைத்தான் வெட்டினார்கள். எனக்கு அதில் சலிப்புத் தட்டிவிட்டது. அப்பாவின் பெட்டியைத் திறந்து இந்தக் கேசட்டை ஓடவிட்டேன்.

முதலில் நாய் குரைத்தது. தண்டவாளத் துண்டு அடிபட்டது. பிறகு சலித்துப்போன, மூக்கடைத்த ஒரு ஆண் குரல். “பாக்கியம்!” அரை வினாடி ஒன்றுமில்லை. யாரோ தொண்டையைச் செருமும் சின்னச் சத்தம். அப்புறம் ஒரு பெண் குரல், உச்சத்தில், தெளிவாக, கிட்டத்தட்ட வம்புக்கு இழுப்பதுபோல: “வந்தாச்சு, கிராணி!”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாலு வினாடிதான். ஆனால் அதில் எல்லாமே இருந்தது. கேசட்டை அங்கேயே நிறுத்திவிட்டு வேலையில் இறங்கினேன். இது எங்கள் தொழிலில் உள்ள கெட்ட பழக்கம். வேண்டிய துண்டு கிடைத்துவிட்டால் மீதியை யாரும் கேட்பதில்லை. தண்டவாளச் சத்தத்தைத் தாளமாக்கினேன். கிராணி பெயர் சொன்னதும் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். அந்த அரை வினாடி வெறுமைக்குப் பிறகு ‘வந்தாச்சு’ என்ற குரலோடு கனத்த பேஸ் ஒலி இறங்கும். பாட்டின் பெயர் ‘பெரட்டு’. கீழே பெருமையாக ‘குரல்: பாக்கியம்’ என்று போட்டேன்.

ஈப்போவில் ஒரு கிளப்பில்தான் அதை முதலில் போட்டார்கள். இரண்டாவது சுற்றிலேயே பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிட்டது. கிராணி கூப்பிட்டதும் இருநூறு பேரும் அப்படியே அசையாமல் நின்று, ஒரே குரலில் “வந்தாச்சு!” என்று கத்தினார்கள். ஒரு மாதத்தில் கிள்ளான், பினாங்கு என்று போய்விட்டது. கல்யாண மண்டபங்களில் மாப்பிள்ளை நுழையும்போது போட்டார்கள். நானே வெட்டுகிற வீடியோவில் நான் கட்டிய பாட்டு வந்து நின்றது. எல்லோரும் தூக்கிவைத்து ஆடினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு கோயில் சாப்பாட்டில், தோட்டத்தில் கங்காணியாக இருந்த பழைய மண்டோர் ஒருவர் என்னை நிறுத்திவைத்து, “அந்தச் சத்தத்துக்கு நாங்க பயந்து நடுங்கி எந்திரிப்போம். நீங்க அதுக்கு ஆடுறீங்களா?” என்று கேட்டார். திட்டி முடித்தவர், போகிற போக்கில் போனை நீட்டி, “இதுல ஏத்திக் குடு” என்றார்.

பாக்கியம் எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டில் இருந்தவர். தோட்டம் கைமாறி, ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தோம். அடுத்த வருடமே அவர் இறந்துவிட்டார். அவருடைய ஒரே மகளை நான் அன்றும் இன்றும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். இப்போது ஈப்போவில் ஒரு பள்ளிக் கேன்டீனில் சமைக்கிறார். அம்மா இறக்கும்போது அக்காவுக்குப் பதினோரு வயது. அடையாள அட்டைக்கு எடுத்த ஒரு போட்டோ இருக்கிறது. குரல் எங்கேயும் இல்லை. பாட்டைக் கேட்டுவிட்டு என் கடைக்கு வந்தவர், நாற்காலியில்கூட உட்காராமல், “எங்கம்மா கொரல் எப்படி இருக்கும்னு மறந்தே போயிருந்தேன்மா” என்று சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். வேறு இசை எதுவும் இல்லாமல் அந்த நாலு வினாடியை வெட்டிக் கொடுத்தேன். அதைப் போன் மணியாக வைத்துக்கொண்டார். யார் கூப்பிட்டாலும் அவருடைய பையிலிருந்து கிராணி கூப்பிடுவார், அம்மா பதில் சொல்லுவார்.

இதையெல்லாம் வாய் ஓயாமல் சொல்லத்தான் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். பெரியம்மா என் அம்மாவின் மூத்த அக்கா. சிம்பாங் பூலாயில் மகனோடு இருந்தார். அதே தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர், பாக்கியத்தின் மர நிரைக்கு அடுத்த நிரை அவருடையது. கோப்பியை ஆற்றிக்கொண்டே பாட்டைக் கேட்டார். ‘வந்தாச்சு’ வந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

“இது என் கொரல்டி பாப்பா.”

“இல்ல பெரியம்மா, கிராணி பாக்கியம்னுதானே கூப்பிடுறாரு.”

“கூப்பிட்டாரு. அவ வரல, நான் சொன்னேன். எத்தன நாளு சொல்லியிருக்கேன். அவளும் எனக்குச் சொல்லியிருக்கா.”

தோட்டத்தில் வளர்ந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஒருத்தியின் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, அவளுக்கே முடியவில்லை என்றால், வழக்கமாகப் பக்கத்தில் நிற்கிறவள் அவளுக்கும் சேர்த்துக் குரல் கொடுப்பாள். இருட்டில் யார் வாய் திறந்தது என்று தெரியாது. தெரிந்தாலும் கிராணி நிமிர்ந்து பார்க்க மாட்டார். ஆனால் குரல் கொடுத்தவள் அத்தோடு தப்பிக்க முடியாது. மண்டோர் வருவதற்குள் வராதவளுடைய மரங்களையும் வெட்டி, அவள் வாளியிலும் பால் காட்ட வேண்டும்.

“அன்னிக்கு ஏன் பெரியம்மா அவங்க வரல?”

“அவ மகளுக்கு அம்மை போட்டிருந்துச்சு. வாசல்ல வேப்பிலை கட்டியிருந்தா. பிள்ளைய விட்டுட்டு வருவாளா? ஒன் அப்பன் மெஷினத் தூக்கிக்கிட்டுச் சுத்துனதும் அன்னிக்குத்தான். ரெண்டு நெரை வெட்டுனேன், சாயங்காலம் கை தூக்க முடியல.”

நான் நம்பவில்லை என்று சொல்வதைவிட, நம்பப் பிடிக்கவில்லை என்று சொல்லலாம். வீட்டுக்கு வந்து கேசட்டை முதல் தடவையாக நிறுத்தாமல் ஓடவிட்டேன். பாக்கியத்துக்குப் பிறகு பதினேழாவது பெயர் பெரியம்மாவுடையது. கிராணி கூப்பிடுகிறார். தொண்டையைச் செருமும் அதே சத்தம். அதற்குப் பிறகு பதில். சாம்பிள் எடுத்த அன்றே இன்னும் இரண்டு நிமிடம் கேட்டிருந்தால் என் காதுக்கே தெரிந்திருக்கும்.

பெரியம்மாவுக்குப் போன் செய்து, பாட்டின் கீழே உங்கள் பெயரைப் போடுகிறேன் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “அவளுக்குன்னு குடுத்த கொரலு. குடுத்தத முப்பது வருஷம் கழிச்சுத் திருப்பி வாங்குவாங்களா? அவ பேரே இருக்கட்டும். அந்தப் பிள்ளைகிட்ட ஒண்ணும் சொல்லாத.” தம்பியும் அதைத்தான் சொன்னான். “விடுங்கக்கா லா, அவங்க சந்தோஷமா இருக்காங்க. நீங்க எதுக்குப் போயி கெடுக்குறீங்க?” கொஞ்ச நாள் விட்டேன். அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் போன் அடித்துவிடக் கூடாதே என்று சீக்கிரம் கிளம்பிவிடுவேன்.

அக்காவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வீடியோ நான்தான். அக்கா கடைக்கு வந்து, மகள் விளக்கேற்றும்போது அந்தக் குரலை மண்டபத்தில் போட வேண்டும் என்றார். “பேத்தி கல்யாணத்துக்கு எங்கம்மா வந்தாச்சுன்னு எல்லாரும் கேக்கட்டும்மா.” அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. போன் மணி என்பது அவருடைய பைக்குள் இருப்பது. மண்டபத்தில் தோட்டத்து ஆட்கள் நூறு பேராவது இருப்பார்கள். பெரியம்மாவின் குரலை யாராவது ஒருவர் கண்டுபிடித்து அக்காவிடம் போய்ச் சொல்வதைவிட நானே சொல்லிவிடுவது மேல் என்று நினைத்தேன். மறுநாள் கேன்டீனுக்குப் போனேன். பிள்ளைகள் பசியாறிவிட்டு வகுப்புக்குப் போயிருந்தார்கள். அக்கா அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

அக்கா குழாயை மூடினார். “அப்ப அன்னிக்கு எங்கம்மா எங்க இருந்தாங்க?”

“உங்க பக்கத்துல இருந்தாங்கக்கா. உங்களுக்கு அம்மை போட்டிருந்துச்சாம்.”

ஈரக் கையோடு நெற்றியைத் தொட்டார். இடது புருவத்துக்கு மேலே அம்மை வடு ஒன்று இருக்கிறது. அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மறுபடியும் குழாயைத் திறந்தார். நான் வந்துவிட்டேன். கல்யாணத்தில் குரலைப் போடவில்லை. அக்கா என்னோடு அளவாகப் பேசினார். அவர் போனில் கம்பெனிக்காரன் கொடுத்த சாதாரண மணி அடித்தது. நான் செய்தது சரிதானா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. ஒருவருக்குத் தாயைக் கொடுத்துவிட்டு நானே பிடுங்கியும் கொண்டேன் என்றுதான் தோன்றியது.

மூன்று மாதம் போனது. கண் காட்டப் பெரியம்மாவை அரசு கிளினிக்குக்கு அழைத்துப் போகச் சிம்பாங் பூலாய் போனேன். அங்கே அக்கா முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். கல்யாணம் முடிந்ததிலிருந்து வாரா வாரம் வருகிறாராம், பெரியம்மா என்னிடம் மூச்சு விடவில்லை. மூன்று பேரும் போனோம். கிளினிக்கில் நல்ல கூட்டம், பாதிப்பேர் பழைய தோட்டத்து ஆட்கள். ஒரு மணி நேரம் காத்திருந்த பெரியம்மா கழிவறைக்குப் போன சமயம் பார்த்து நர்ஸ், எங்கள் பேச்சில் மிஸ்ஸி, கதவைத் திறந்து அவர் பெயரைக் கூப்பிட்டார். இரண்டாம் முறையும் கூப்பிட்டார். அவருடைய அட்டையைக் கட்டின் அடியில் வைக்கப் போனார்.

அக்கா எழுந்தார். அந்தக் கூடமே திரும்பிப் பார்க்கும்படி, “வந்தாச்சு, மிஸ்ஸி!” என்றார்.

சுவரோரம் இருந்த கிழவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மிஸ்ஸிக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டே வந்த பெரியம்மா, “என்னடி சிரிப்பு?” என்று கேட்டார். அக்கா அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அந்த வாரமே பழைய போன் மணி திரும்பி வந்துவிட்டது. யார் குரல் என்று தெரிந்தே வைத்துக்கொண்டார்.

பெரியம்மா போய்ச் சேர்ந்து ஐந்து மாதமாகிறது. பாட்டை இப்போது கிளப்பில் யாரும் அவ்வளவாகப் போடுவதில்லை, வேறு பாட்டுகள் வந்துவிட்டன. கீழே இன்னும் ‘குரல்: பாக்கியம்’ என்றுதான் இருக்கிறது. போன வாரம் அக்கா கூப்பிட்டார். “கேசட்டுல பெரியம்மா தன் பேருக்குச் சொன்னாங்களே, அதையும் எனக்கு வெட்டிக் குடும்மா.” அப்பாவின் கேசட்டை எடுத்து, பாக்கியத்துக்குப் பிறகு வரும் அந்தப் பதினேழாவது பெயர் வரை ஓடவிட்டேன். இரண்டு பதில்களையும் திரையில் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்தபோதுதான் கவனித்தேன். பாக்கியத்துக்காகச் சொன்ன ‘வந்தாச்சு’ திரையின் உயரம் முழுக்க எழுந்து நிற்கிறது. தன் பெயருக்குச் சொன்னது வெறும் “இருக்கேன்”. தரையோடு கிடக்கிறது, கேசட்டின் இரைச்சலுக்கு மேல் சற்றுத்தான் தெரிகிறது. இரண்டு நிரை வெட்டப் போகிறவள் தனக்கென்று செலவழித்த சத்தம் அவ்வளவுதான்.

கை பழக்கத்தில் சத்தத்தைக் கூட்டப் போனது. கூட்டவில்லை. கேசட்டைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, இருந்தது இருந்தபடியே அக்காவுக்கு அனுப்பினேன்.