‘ஏலாது’ என்றவரிடமே வேலையைக் கொடுத்தவர்

கடம்பூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஸ்கூட்டரை நிறுத்தியபோதுதான் அலுவலக உதவியாளர் எபனேசர் போன் செய்தார். “மேடம், நம்ம பிரின்சிபால் சார் போயிட்டாவ. விடியக்காலம் நெஞ்சு வலின்னிருக்காவ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிட்டு.” ரயில் போய், கேட் திறந்து, பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிய பிறகும் நான் நகரவில்லை. அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். அடுத்த சீனியர் நான்தான்.

பிரின்சிபால் ரஹ்மத்துல்லா சாரை அறிந்த உங்களுக்கு எங்கள் கல்லூரியும் தெரிந்திருக்கும். கோவில்பட்டிக்கு வெளியே, மழை பெய்தால் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வர வேண்டிய கரிசல் காட்டில் இருக்கும் பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி. சேர்க்கை குறைந்த இரண்டு பாடப்பிரிவுகளைத் தொடர்வதா, மூடுவதா என்று பல்கலைக்கழகம் முடிவெடுக்கப்போகும் மாதம் இது. கழுகுமலைப் பக்கத்துப் பெண் பிள்ளைகள் படிக்கிற பிரிவுகள் அவை. மூடிவிட்டால் தூரத்துக் கல்லூரிக்கு வீட்டில் அனுப்ப மாட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குத்தான் அனுப்புவார்கள். இந்த நேரம் பார்த்துப் போய்விட்டார் மனிதர். அவர்மேல் எனக்குக் கோபம்கூட இருக்கிறது.

இரங்கல் கூட்டத்துக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அதிகாரி, முதல்வர் பொறுப்பை யார் ஏற்கிறீர்கள் என்று கேட்டார். எல்லோரும் குனிந்துகொண்டார்கள். பதறிப்போய் எழுந்தேன். “சார், என்னால ஏலாது. வேற யாரையாவது போடுங்க” என்றேன். சொல்லி வாய் மூடுவதற்குள் மொத்தப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அழுதுகொண்டிருந்த கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. எங்கள் கல்லூரியில் ஒரு வேலையை ‘ஏலாது’ என்று முதலில் சொல்பவர் தலையில்தான் அந்த வேலை விழும். அது சார் போட்ட சட்டம்.

சார் பொறுப்பேற்றபோது முந்தைய முதல்வர் பாதியில் விலகிப் போயிருந்தார். அறிவியல் துறைகளும் கலைத் துறைகளும் சேர்ந்து டீகூடக் குடிக்காத காலம். முதல் கூட்டத்திலேயே, கல்லூரி நேரத்துக்கு ஏற்றபடி கழுகுமலை பஸ் நேரத்தை மாற்ற வைக்கலாமா என்று கேட்டார். “அதெல்லாம் நடக்காது சார். டிப்போல ஒத்துக்கிட மாட்டாவ” என்றார் இயற்பியல் சுப்புராஜ். சார் கோபப்படவில்லை. “எங்க இடிக்கும்னு உங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கு. அப்ப நீங்களே பாருங்க. தொணைக்கு அந்தப் பக்கத்துலருந்து ஒருத்தரக் கூட்டிக்கிடுங்க” என்றார். முணுமுணுத்துக்கொண்டே சுப்புராஜ் தமிழ்த்துறை ஆசிரியரோடு பஸ் டிப்போவுக்குப் போனார். திரும்பும்போது இருவரும் டிப்போ மேலாளரை ஒன்றாகத் திட்டிக்கொண்டு வந்தார்கள். அலைந்து அலைந்து காரியத்தையும் முடித்தார்கள். அதற்குப் பிறகு கூட்டங்களில் நாங்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து சார் சிரிப்பார்.

சாரின் மனைவியைப் பார்க்கக் கயத்தாறுக்குப் போனேன். கணவர் இறந்தபின் வீட்டோடு இத்தா இருப்பவரை எங்களில் பெண்கள்தான் போய்ப் பார்க்க முடியும். “அடுத்தாப்ல காலேஜ நீங்கதான் பாக்கப்போறியளாம்லா?” என்று கேட்டார். பயமாக இருக்கிறது அக்கா என்று உடைந்துவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவியளுக்கும் பயந்தாம்மா. காலைல வண்டிய ஸ்டார்ட் பண்ணுவாவ, திரும்ப ஆஃப் பண்ணிட்டு அப்படியே நிப்பாவ. ‘இன்னைக்கு எல்லாரும் பிரிஞ்சுபோயிட்டா என்ன செய்ய?’ம்பாவ. தெனமும் இதான். வெளிய யார்ட்டயும் சொல்லக்கூடாதும்பாவ.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எதற்கும் அசராதவர் என்றல்லவா நாம் எல்லோரும் அவரை நினைத்திருந்தோம்? அவரை நம்பித்தானே நாங்கள் தைரியமாகச் சண்டைகூடப் போட்டோம்?

நாளை ஆசிரியர் கூட்டம். கௌரவ விரிவுரையாளர்கள் உட்பட எல்லோரையும் அழைத்திருக்கிறேன். சாரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய அந்தப் பயத்தைத்தான். ஆனால் அவரைப் போல அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வரமாட்டேன். “எனக்குப் பயமா இருக்கு. இந்தப் பிரிவுகள நான் ஒருத்தியா காப்பாத்த முடியாது. கூட வாங்க” என்றுதான் கூட்டத்தைத் தொடங்கப்போகிறேன்.

அவர் ஒரே ஒரு முறை இப்படிச் சொல்லியிருந்தால், நாங்கள் கயத்தாறுக்கே போய் அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்திருப்போம்.