பூவைப் போடுவதா, மூக்கைப் பொத்துவதா?

தண்ணீர் வருவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

குழாயில் வருவதைச் சொல்லவில்லை. லாரியில் வருவதையும் சொல்லவில்லை. காய்ந்து கிடக்கும் வாய்க்காலில் அது நடந்து வருவதை!

போன வாரம் பார்த்தேன். அவனியாபுரத்தைத் தாண்டி, வாய்க்கால் முடிகிற இடத்தில் என் தங்கை செல்விக்கும் அவள் வீட்டுக்காரர் பாண்டிக்கும் கொஞ்சம் நிலம் இருக்கிறது. கடைமடை. அணையில் திறந்த தண்ணீர் வழியில் உள்ள ஊர்களையெல்லாம் விசாரித்துவிட்டு, மதுரையையும் ஓரமாக உரசிவிட்டு, மிச்சம் இருந்தால் இவர்களிடம் வரும். விடிவதற்கு முன்பே செல்வியிடமிருந்து போன்.

"அண்ணே, தண்ணி தொறந்துட்டாக. இன்னைக்கு எங்க முறை. வாரீகளா?"

காளவாசலிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினேன். வயலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே தண்ணீரைப் பிடித்துவிட்டேன். வண்டியைக் கரையில் நிறுத்திவிட்டு அதோடு நடந்தேன். அதற்கு அவசரமே இல்லை. பள்ளத்தைக் கண்டால் நிற்கிறது, நிரப்புகிறது, பிறகுதான் அடுத்த அடி. வெடிப்புகளுக்குள் 'களக்... களக்...' என்று இறங்குகிறது. முன்னால் பூச்சிகள் ஓட, பின்னால் கொக்குகள் நடக்க, மேலே வெள்ளையாகப் பனி மிதக்க... ஏதோ கனவுக்குள் நடப்பது போல இருந்தது. மண் வாசனைக்காக மூச்சை நன்றாக இழுத்தேன்.

ஐயையோ!

வெளிச்சம் வந்ததும்தான் தெரிந்தது. பனி இல்லை, சோப்பு நுரை. அதற்கடியில் கறுப்பாகத் தண்ணீர். வாய்க்கால் வறண்டு கிடந்த மாதங்களில் டவுன்காரர்கள் நாம் விட்ட சாக்கடை, ஒர்க்‌ஷாப் ஆயில், டயப்பர், தெர்மாகோல்... அத்தனையையும் முதல் தண்ணீர் வழித்து எடுத்து வந்திருந்தது.

வயல் ஓரத்தில் பாண்டி, ஒரு கையில் சூடம், மறு கையில் உதிரிப்பூவோடு நின்றார். முதல் தண்ணீருக்குச் சூடம் காட்டி, பூப்போட்டு வரவேற்பது அங்கே வழக்கம்.

"என்ன மச்சான் இது... பூவப் போடுறதா, மூக்கப் பொத்துறதா?" என்றார் என்னிடம்.

சிரித்துவிட்டோம். ஆனாலும் போட்டார். பூக்கள் நுரை மேல் உட்கார்ந்து, வயலைத் தாண்டி ஓடைப் பக்கம் சவாரி போயின.

சிரிப்பு அதோடு சரி. நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது. போர் தண்ணீர் நாற்றங்காலுக்கே பத்தாது. வயலில் தண்ணீர் கட்டி உழுதால்தான் நடவு. பொழுது சாய்ந்தால் ஷட்டரை இறக்கி அடுத்த ஊருக்குத் திருப்பிவிடுவார்கள். மறுபடி எப்போது வரும்? யாருக்கும் தெரியாது.

பாண்டி வரப்பை வெட்டித் தண்ணீரை உள்ளே விட மண்வெட்டியை எடுத்தார்.

"வெட்டாதீக" என்றாள் செல்வி.

"போனா வராது செல்வி. நாத்து அம்புட்டும் வீணாப் போயிரும்."

"இந்த அழுக்கு ஓடைக்குப் போகட்டும். பின்னாடி வர்றத விடுவோம்."

"தெளியிறதுக்குள்ள ஷட்டர எறக்கிட்டா?"

செல்வி தண்ணீரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல? டவுன்காரன் கருத்துதான் ஏற்கெனவே வாய்க்காலில் வந்துகொண்டிருக்கிறதே!

மூன்று பேரும் கருவேல மர நிழலில் உட்கார்ந்தோம். கறுப்பு... கறுப்பு... இன்னும் கறுப்பு. பார்த்துக்கொண்டே இருந்தால் தண்ணீர் நிற்பது போலவும், கரையோடு சேர்ந்து நாம்தான் நகர்வது போலவும் ஆகிவிடுகிறது. தரையிறங்க வந்த விமானம் ஒன்றின் நிழல் காய்ந்த வயலைக் கடந்து போனது. கொக்கு ஒன்று எதையோ கொத்திவிட்டு, வேண்டாம் என்று போட்டது. பாண்டி மண்வெட்டியைக் கீழே வைக்கவே இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு கறுப்பு சாம்பலானது. சாம்பல் மெல்லச் செம்மண் நிறத்துக்கு வந்தது. செல்வி இறங்கி, கையில் அள்ளி முகர்ந்து பார்த்தாள்.

"இப்ப வெட்டுங்க."

பாண்டி வெட்டிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே! தண்ணீர் சத்தமில்லாமல் விரிந்தது. சாயங்கால வானம் அதற்குள் வந்து படுத்துக்கொண்டது. அப்படியொரு அழகு... கண்ணை எடுக்க முடியவில்லை. பாதி வயல் நனைந்திருக்கும். வாய்க்கால் இளைத்தது. அப்புறம் நின்றே போனது.

பாண்டி மண்வெட்டியைக் கழுவினார். மீதிப் பாதி வெடிப்போடு அப்படியே கிடந்தது. எனக்குத் தாங்கவில்லை.

"காலையிலயே விட்டிருந்தா முழுசும் நனஞ்சிருக்குமே செல்வி?"

"நனஞ்சிருக்கும்ணே. ஆனா வெளையிறதுல வீட்டுக்குன்னு நாங்க வச்சுக்கிறது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் டவுனுக்குத்தான போகுது... பிள்ளகுட்டிக திங்கிற சோறு."

நாம் அனுப்பியதை நமக்கே திருப்பி அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. நமக்கு மட்டும் எப்படி வருகிறது?