இருபதாயிரம் ரூபாய் வள்ளல்

என் அப்பா ஒரு எம்.எல்.ஏ.வுக்குப் பிறந்தநாள் அன்பளிப்பாக இருபதாயிரம் ரூபாய் கொடுத்தார் என்று வருமான வரிக்காரர்களின் ஏதோ ஒரு பழைய கோப்பில் இன்றும் எழுதியிருக்கும். தொண்ணூறுகளில் இருபதாயிரம். எங்கள் வீட்டில் அப்போது இருந்த விலை உயர்ந்த பொருள் ஒரு கறுப்பு வெள்ளை டிவி. அதுவும் தவணையில் வாங்கியது. எனக்குச் செருப்பு வாங்குவதற்கே தீபாவளி வரட்டும் என்று தள்ளிப்போடுகிறவர், மூன்று வீடும் ஒரு கல்யாண மண்டபமும் வைத்திருந்த ஒருவருக்கு அத்தனை பணத்தைத் தூக்கிக் கொடுத்தாராம். இதை எழுதிக்கொண்டவருக்குக் கொஞ்சமாவது சிரிப்பு வந்திருக்க வேண்டாமா என்று எனக்கு இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

அப்பா கணபதி என்ற எங்கள் ஊரில் ஒற்றை லேத் வைத்துப் பட்டறை நடத்தினார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. பம்புசெட்டுக் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பார். பில் எல்லாவற்றையும் ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்து, வருஷத்துக்கு ஒருமுறை அதை உருவி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஆடிட்டரிடம் போவார். கணக்குப் பார்த்து அவர் சொல்கிற சொற்ப வரியைக் கட்டிவிட்டு வருவார். தெருவில் இது ஒரு வேடிக்கை.

“ஏனுங்க, ஒத்த லேத்துக்கு வரி கட்டற ஆளு இந்தக் கணபதியிலேயே நீங்க ஒருத்தருதானுங்க. உங்களுக்குச் செலை வெக்கோணும்” என்பார் பக்கத்துப் பட்டறைக்காரர்.

“செலை வேண்டாமுங்க. நாளைக்கு எவனாவது வந்து கேட்டா எடுத்துக் காட்டோணுமில்லீங்க” என்பார் அப்பா.

அந்த எம்.எல்.ஏ. எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய தர்மப்பிரபு. ஜூன் மாதம் பிறந்தால் எல்லாருக்கும் இலவச நோட்டு. அட்டையில் கை கூப்பியபடி அவர் முகம். கணக்கு நோட்டிலும் அவர்தான், அறிவியல் நோட்டிலும் அவர்தான். உள்ளே தைத்திருக்கும் நூல் ஆகஸ்டு வருவதற்குள் பிரிந்து தாள்கள் உதிரும். அட்டை மட்டும் வருஷம் முழுவதும் கிழியாது. தேர்தலுக்கு முன்னால் அவர் டிவிஎஸ் மொபெட்டில் போய்க்கொண்டிருந்தவர் என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். ஐந்து வருஷத்துக்குள் துடியலூர்ப் பக்கம் அவர் கட்டிய வீட்டுக்குக் காம்பவுண்டுச் சுவர் மட்டும் எங்கள் தெரு நீளம் இருந்தது. அவர் கொடுக்கிற நோட்டுக்கும் அந்தச் சுவருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தோன்றியதில்லை. பெரியவர்களுக்குத் தோன்றியிருக்கும். அவர்களும் வரிசையில் நின்று பிறந்தநாள் சேலையை வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அந்த எம்.எல்.ஏ.வின் காரில் முன் சீட்டில் போகிறவர். அதைத் தவிர அவருக்கு வேறு வேலை இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். வரும்போதெல்லாம் பேக்கரியில் தேங்காய் பன் வாங்கி வருவார், என்னைப் பெரிய மனுஷி மாதிரி நடத்துவார்.

நான் ஐந்தாம் வகுப்புக் காலாண்டு விடுமுறையில் இருந்தபோது ஒருநாள் தேங்காய் பன்னோடு ஒரு கட்டு வெள்ளைத் தாளும் ஒரு பெயர்ப் பட்டியலும் கொண்டு வந்தார்.

“அம்மணி, உன்ற கையெழுத்து முத்து முத்தா இருக்குதுன்னு அண்ணங்கிட்டச் சொல்லிப்போட்டேன்.”

“எம்.எல்.ஏ.கிட்டயுங்களா மாமா? அவுரு என்னங்க சொன்னாரு?”

“இந்த மாதிரி புள்ளைங்கதான் நாட்டுக்கு வேணும்னாரு.”

இதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? பட்டியலில் முப்பது பேருக்குமேல் இருந்தார்கள். எழுதத் தெரியாதவர்கள், நாம் எழுதிக் கொடுத்தால் புண்ணியம் என்றார் மாமா. ஒவ்வொருவர் பேரிலும் ஒரு வாழ்த்துக் கடிதம். இன்ன தொகையை என் சொந்த விருப்பத்தில் அன்பளிப்பாக அனுப்புகிறேன் என்ற வரி மட்டும் கட்டாயம் வர வேண்டும். எல்லாம் ஒரே மாதிரி இருக்கக் கூடாது, கொஞ்சம் சாய்த்தும் கொஞ்சம் குண்டாகவும் எழுது என்றார். நான் அதையும் தாண்டிப் போனேன். ஒருவரை எருமை விற்க வைத்தேன். ஒருவருக்கு வாழைத்தாரில் லாபம் வரவழைத்தேன். வால்பாறை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற ஒரு அம்மாளை, மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தையே எடுத்துக் கொடுக்க வைத்தேன். மாமா அதைப் படித்துக் கண் கலங்கினார். உண்மையாகவே கலங்கினார், அதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

அந்தப் பணமெல்லாம் எம்.எல்.ஏ.வுடையதேதான். கணக்கில் காட்ட முடியாத பணத்தை மாமாவைப் போன்றவர்கள் ரொக்கமாக எடுத்துப்போய், ஒவ்வொரு ஏழையின் பேரிலும் பாங்கில் டிராஃப்ட் எடுத்து, அதை அவருக்கே பிறந்தநாள் பரிசாகத் திருப்பிக் கொடுத்தார்கள். கறுப்பாகப் போனது அன்பாகத் திரும்பி வந்தது. இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது.

கடைசிப் பெயர் என் அப்பாவுடையது.

“அப்பாவுக்குத்தான் எழுதத் தெரியுமுங்களே மாமா?”

“எல்லாருமே கூலிக்காரங்களா இருந்தா நம்ப மாட்டாங்கன்னு ஆடிட்டரு சொல்லிப்போட்டாரு. வரி கட்டற ஆளு ஒண்ணு ரெண்டு வேணுமாம். உங்கப்பனைக் கேட்டா லேத் மேல ஏறிக் குதிப்பாரு. நீயே எழுதி நீயே போட்டுரு. ரேங்க் கார்டுல ஒருவாட்டி போட்டீல்ல, அந்தக் கையெழுத்துதான்.”

கணக்கில் முப்பத்தொரு மதிப்பெண் வாங்கிய ரகசியத்தை அவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அப்பாவுக்கான கடிதத்தை மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக எழுதினேன். சொந்த அப்பா அல்லவா. கையெழுத்தையும் போட்டு, அவர் போடுவது மொட்டையாக இருக்கிறதே என்று அடியில் ஒரு வாலையும் சுழித்து விட்டேன்.

அடுத்த வருஷம் ஆட்சி மாறியது. ஒரு சனிக்கிழமை காலையில் இரண்டு வருமான வரி அதிகாரிகள் பட்டறைக்குள் வந்தார்கள். அப்பா லேத்தை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, முகம் மலர அந்தப் பில் கம்பியை எடுத்து நீட்டினார். இத்தனை வருஷமாக யாரும் வந்து கேட்கவே இல்லையே என்று காத்திருந்தவர் மாதிரி.

“அது வேண்டாங்க. இந்த லெட்டரைப் பத்தித்தான் கேக்க வந்தோம்” என்றார் பெரிய அதிகாரி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். “ஏழைகளின் கண்ணீரைத் துடைக்கும் கற்பகத் தருவே! இரும்போடு போராடி நான் மிச்சம் பிடித்த இருபதாயிரம் ரூபாயைத் தங்கள் பொற்பாதங்களில்... என்னங்க, பொற்பாதமெல்லாம் பலமா இருக்கு?”

அப்பா சிரித்துவிட்டார். “நானுங்களா? எனக்கு இப்படியெல்லாம் எழுத வராதுங்க. இது என்...”

“உங்க கையெழுத்து இல்லேன்னா தாராளமாச் சொல்லிடுங்க. யார் போட்டதுன்னு நாங்க கண்டுபிடிச்சுக்கறோம். பொய்க் கையெழுத்துன்னா போலீஸ் கேஸ். எழுதினவங்களை விட மாட்டோம்.”

கடிதம் அப்பாவின் கைக்கு வந்தது. நான் உள்ளறை வாசலில் நின்றிருந்தேன். என் எழுத்து ஒரு அதிகாரி வாயால் படிக்கப்படுகிற பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பா கடிதத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

“கண்ணு, உள்ள போயி அம்மாளைக் காப்பி போடச் சொல்லு” என்றார். குரல் என்னவோ போல் இருந்தது.

நான் நகரவில்லை.

“கையெழுத்து என்னுதுதானுங்க. எழுதுனது மட்டும் வேற ஆளுங்க. போஸ்ட் ஆபீஸ் வாசல்ல மனு எழுதிக் குடுக்கறவருங்க. பேரு தெரியாதுங்க.”

“இருபதாயிரம் ஏது?”

“மிச்சம் புடிச்சதுங்க.”

“கணக்குல வரலியே.”

அப்பா “காட்டலீங்க” என்றார். அந்தக் கம்பி இன்னும் அவர் இடது கையில் இருந்தது.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். “யாராவது மிரட்டுறாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அவரு நல்லவரு. பிரியப்பட்டுக் குடுத்தேனுங்க.”

எழுதிக்கொண்டதைக் கையெழுத்துக்கு நீட்டினார்கள். அப்பா என் கடிதத்தை ஒருதரம் பார்த்துக்கொண்டு மெதுவாகப் போட்டார். அடியில் வாலையும் சுழித்தார். அப்பாவின் கையெழுத்தை நான் திருடிப் போட்டேன். என் திருட்டைப் பார்த்து அப்பா எழுதிப் பழகினார்.

இருபதாயிரம் கணக்கில் காட்டாத வருமானம் என்று ஆயிற்று. இல்லாத பணத்தைக் கொடுக்காமல் கொடுத்ததற்காக அப்பா வரி கட்டினார், அபராதமும் கட்டினார். அம்மாவின் வளையல் ஜோடி போயிற்று. இரண்டாவது லேத் வாங்குவதற்கு வைத்திருந்த முன்பணமும் போயிற்று. அவர் கடைசிவரை ஒற்றை லேத்துக்காரராகவே இருந்தார். எம்.எல்.ஏ.வோ, என் சொத்தெல்லாம் ஏழைகள் மனமுவந்து கொடுத்தது என்று மேடையில் தழுதழுத்தார். அடுத்த ஜூனில் நோட்டும் வந்தது. அந்த முறை அட்டை இன்னும் தடிமன். மாமா வீட்டுக்கு வருவது நின்றது. ஏன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கல்லூரியில் படிக்கும்போதுதான் அம்மா ஒருநாள் வாய் தவறிச் சொன்னார். அப்பா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போது எனக்கு இரண்டு பிள்ளைகள். நன்கொடை கொடுத்தவருக்கு நன்றிக் கடிதம் எழுதி வரச் சொன்னார்கள் என்று மகள் பள்ளியிலிருந்து வந்தால், எழுத விடாமல் பேனாவைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறேன். அம்மாவுக்குப் பைத்தியம் என்கிறாள். இருக்கட்டும்.

அதிகாரிகள் போன அன்று சாயங்காலம் நான் அப்பாவோடு பேசவில்லை. எனக்கு அத்தனை கோபம். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் வர மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். அப்பா தட்டில் இட்லியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என்ன கண்ணு, எதுக்குக் கோவம்?”

“பொற்பாதம்னு நான்தானே எழுதுனேன்? எவனோ போஸ்ட் ஆபீஸ்காரன் எழுதுனான்னு எதுக்குச் சொன்னீங்க? எதுக்குப் பொய் சொன்னீங்க?”

அப்பா வெகுநேரம் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

“தப்புத்தான் கண்ணு. அப்பன் பொய் சொல்லிப்போட்டேன். இந்த ஒருவாட்டி மன்னிச்சுரு.”

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சரி, போகட்டும் என்று எழுந்து உட்கார்ந்து, இனிமேல் பொய் சொல்லக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, மன்னித்தேன்.