மெஷினை இழுக்க ஒரு வண்டி

நான் கலவை மெஷின் வைத்திருப்பவன். வீடு கட்டுகிற இடத்தில் ஜல்லியையும் மணலையும் சிமெண்டையும் தின்று, சுற்றிச் சுற்றிக் கக்குமே, அந்த மெஷின். கூடவே தளம் போடும் ஆட்கள் பன்னிரண்டு பேர், ஆணும் பெண்ணுமாக. கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்து ஊர். கீழே வேலை கிடைப்பது போலவே மேலே கல்வராயன் மலையிலும் கிடைக்கும். கூரையைப் பிரித்துவிட்டுத் தளம் போட நினைக்காதவர்கள் இப்போது மலையில் யார் இருக்கிறார்கள்? சிக்கல் மெஷினை அங்கே கொண்டுபோவதுதான். அதற்குச் சக்கரம் உண்டே தவிர, தானாக நகராது. ஏதாவது ஒரு வண்டி கட்டி இழுக்க வேண்டும்.

பல வருடம் வாடகை டிராக்டர்தான் இழுத்தது. கரும்பு வெட்டு ஆரம்பித்துவிட்டால் டிராக்டர்காரர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். வீட்டுக்காரர் நாள் பார்த்து, ஆட்களின் பிரியாணிக்கும் சொல்லிவிட்டுக் காத்துக்கொண்டிருப்பார். நான் ஊர் ஊராய் அலைந்துகொண்டிருப்பேன். ஒருநாள் வெறுத்துப்போய், சொந்தமாகவே ஒரு லோடு வண்டி வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். பெட்டியில் ஆட்கள், பின்னால் கொக்கியில் மெஷின். அப்போது வந்தது அந்தத் தலைவலி, கேஸ் வண்டியா டீசல் வண்டியா என்று.

சின்னசேலத்தில் இரண்டு வண்டிகள் விலைக்கு நின்றன. ஒன்று பழைய டீசல். ஸ்டார்ட் செய்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஒரு பக்கத்துக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். இன்னொன்று கேஸ் வண்டி. வெள்ளை வெளேர் என்று, சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாத சத்தம். கேஸ் தீர்ந்தால் பெட்ரோலுக்கு மாற்ற ஒரு சுவிட்ச் வேறு. பார்த்த மாத்திரத்தில் மயங்கிவிட்டேன். எனக்கு வாய்த்த புத்தி அப்படி.

கூட வந்த மெக்கானிக் குனிந்து, கொக்கி மாட்டும் இடத்தைப் பார்த்தார். "லோடு மட்டும் ஏத்திக்கினு போறதுன்னா கேஸு போதுங்க. நீங்க மெஷின வேற கட்டி இழுக்கப் போறீங்க. மலையில மொத கியர்ல தம் கட்டி இழுக்கணும்னா டீசல்தான். எறங்கும்போதும் இஞ்சினே புடிச்சிக்கும்" என்றார்.

என் மனைவியும் வந்திருந்தாள். அவளும் எங்கள் ஆட்களில் ஒருத்திதான். தளம் போடும்போது சாரத்தின் நடுவில் நிற்பவள் அவள். கீழிருந்து வரும் கலவைச் சட்டியை வாங்கி மேலே கொடுக்கிற அந்த வேகம் ஆண்களுக்குக்கூட வராது. அவளும் டீசலைத்தான் காட்டினாள்.

"மலையில கேஸு எங்கயா போடுவ? டீசலுன்னா ஒரு கேன்ல வாங்கி வெச்சிக்கினு போலாம்."

"வண்டியப் பத்தி உனக்கு இன்னா தெரியும்? சும்மா இரு" என்றேன். மெக்கானிக் எதிரிலேயே சொன்னேன். இதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது இருக்கவில்லை.

கேஸ் வண்டி சமவெளியில் ராஜாவாக ஓடியது. மலையில் கதை வேறு. மெஷினையும் பன்னிரண்டு பேரையும் சேர்த்து இழுக்க அதற்கு மூச்சில்லை. மேட்டில் வண்டி திணறினால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் இறங்கிவிடுவார்கள். ஆண்கள் பின்னாலிருந்து தள்ளுவார்கள். பெண்களில் ஒருத்தி ஒரு பெரிய கல்லைத் தூக்கிக்கொண்டு பின்சக்கரத்தை ஒட்டியே நடந்து வருவாள். வண்டி நின்றால் "கல்லு போடு" என்று குரல் வரும். அவள் குனிந்து, வண்டி பின்னால் உருளாதபடி டயருக்கு அடியில் கல்லை வைக்க வேண்டும். தள்ளுவது ஆம்பளை வேலை, கல் போடுவது சும்மா நடந்து வருகிற வேலை என்று எங்களுக்குள் ஒரு நினைப்பு.

டிராக்டர் இழுத்த காலத்தில் எப்போதாவதுதான் இது தேவைப்பட்டது. கேஸ் வண்டி வந்தபிறகு மலைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும், மலைப்பாதையின் ஒரே செங்குத்தான வளைவில், எல்லோரும் இறங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் கல்லை என் மனைவிதான் எடுத்தாள். மெஷின்காரன் பெண்டாட்டி கையை வீசிக்கொண்டு வந்தால் மற்றவர்கள் பேசுவார்கள் என்பாள்.

ஒருநாள் காலை கள்ளக்குறிச்சியில் கேஸ் போட நீளமான வரிசை. நேரமாகிறதென்று இருப்பதை வைத்தே கிளம்பிவிட்டேன். வளைவில் வழக்கம்போல எல்லோரும் இறங்கினார்கள். பாதி மேட்டில் வண்டி இழுவை இழந்தது. கேஸ் முள்ளும் அடியில் கிடந்தது. பெட்ரோல் சுவிட்சைத் தட்டினேன். எத்தனையோ மாதமாகத் தொடாத பெட்ரோல். இஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு அணைந்தது. பிரேக்கை மிதித்தேன், இஞ்சின் அணைந்ததால் அதுவும் கல்லாக இறுகிக் கிடந்தது. பின்னால் மெஷின் தன் கனத்தோடு வண்டியைக் கீழே இழுத்தது. தள்ளிக்கொண்டிருந்தவர்கள் விலகித் தாவினார்கள்.

"கல்லு போடு!" என்று கத்தினேன். கத்தியது நான்தான், வேறு யாரும் இல்லை.

அவள் போட்டாள். ஜல்லி சிதறிக் கிடந்த ரோட்டில் கல் வழுக்கியது. விடாமல் அதை மறுபடி கையாலேயே உள்ளே தள்ளினாள். வண்டி நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை.

டயருக்கும் கல்லுக்கும் நடுவில் அவளுடைய வலது கை. வண்டியை ஒரு சாண் முன்னால் தள்ளினால்தான் கையை எடுக்க முடியும். எல்லோரும் சேர்ந்து தள்ளினோம். அவள் அலறவில்லை. "மெதுவா, மெதுவா, மறுபடி பின்னால வந்துடப் போவுது" என்று எங்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள். என் வண்டி உயிர்பெறவே இல்லை. மேலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு வந்த ஒரு லாரியில், துண்டால் கட்டிய கையோடு அவளை ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு இறங்கினேன். வழி நெடுக எனக்கு ஒரே நினைப்புதான், கை தங்குமா தங்காதா.

கை தங்கியது. இரண்டு விரல்கள் போயின. மூன்றாவது இருக்கிறது, மடங்காது. எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டபோது, "நான்தாங்க கவனிக்காம கைய வுட்டுட்டேன்" என்றாள். நான் பக்கத்தில் நின்றேன். டாக்டர் நீட்டிய சீட்டை வாங்கி மடித்தேன்.

அந்தக் கையால் அவள் மறுபடி சட்டி பிடிக்கவில்லை. கேஸ் வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு டீசல் வண்டி வாங்கினேன். மெக்கானிக் சொன்னது பொய்யில்லை. அதே மெஷின், அதே ஆட்கள், அந்த வளைவில் உறுமிக்கொண்டு ஏறியது. ஆனாலும் முதல் நாள், பழக்கத்தில் எல்லோரும் இறங்கினார்கள். வேறொரு பெண் ரோட்டோரத்தில் ஒரு கல்லைத் தேடி எடுத்துக்கொண்டு சக்கரத்தை ஒட்டி நடந்தாள். கண்ணாடியில் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை.

போன மாதம் நைனார்பாளையத்திலிருந்து ஒரு மெஷின்காரர் வீடு தேடி வந்தார். அவரும் வண்டி வாங்கப் போகிறாராம். என்னிடம் கேட்டால் தெரியும் என்று யாரோ அனுப்பியிருக்கிறார்கள். நான் ஆரம்பித்துவிட்டேன். இழுவை ஜாஸ்தி, செலவு, மலையில் பங்க் இல்லாதது, இறக்கத்தில் இஞ்சின் பிடிப்பது என்று அரைமணி நேரம். ஊருக்கே புத்தி சொல்கிறவன்போல. என் மனைவி இடது கையில் டீ கொண்டுவந்து வைத்தாள். போகாமல் நின்றாள்.

"எந்த வண்டி வேணும்னாலும் வாங்குங்கண்ணா" என்றாள். "டயருக்குப் போட மரக்கட்டை ஒண்ணு செஞ்சி, அதுக்கு ஆள் நீளத்துக்கு ஒரு புடி வெச்சிக் குடுங்க. மொதல்ல அதச் செய்யுங்க."

அவர் தலையாட்டினார். நான் வாசலில் நின்ற என் டீசல் வண்டியைப் பார்த்தேன். தளம் போடுகிறவன் வண்டி. பெட்டி நிறையப் பலகையும் சவுக்குக் கம்பும் ஆணியும் சுத்தியும் கிடந்தன. அவள் கை நசுங்கிய அன்றும் அந்தக் கேஸ் வண்டியில் அத்தனையும் கிடந்தன.